பாலூட்டிவிட்டு வந்து பாடினாள்



சென்ற இதழில் வற்றல், வடகம் என்று வெயில்கால வேலைகளைப் பற்றி எழுதி உங்களை மொட்டைமாடிக்கு விரட்டியிருந்தேன். இந்தத் தடவை கைக்கு வேலை கிடையாது. காதுக்கு மட்டும்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கொத்தவரங்காய்க்கு நார் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் மகள் போனில் ஏதோ பாட்டு வைத்தாள். முதலில் ஒரே கரகரப்பு, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. அதற்குள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. குழைவு கிடையாது, நடுக்கம் கிடையாது. கிணற்றடியில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம் தன் கதையைச் சொல்கிற மாதிரி ஒரு குரல்.

"யாருடி இது? ஆம்பிளையா பொம்பிளையா?" என்று கேட்டேன். அவ்வளவு கனம் அந்தக் குரலில்.

"பொம்பிளைதாம்மா. ஸாரா கார்ட்டர். 1927-ல பாடினது. கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போய்ப் பாடியிருக்காங்க!"

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டா? அப்புறம் என்ன, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவனிடம் சொல்லிப் புத்தகம் வரவழைத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மத்தியானத் தூக்கத்தை விட்டுப் படித்தேன். "பரீட்சைக்குக்கூட இப்படிப் படிச்சிருக்க மாட்டே" என்று இவர் கேலி செய்தார். உண்மைதான்!

ஸாரா எனக்குக் கொள்ளுப்பாட்டி ஆகவேண்டிய வயசுக்காரி. 1898-ல் பிறந்தவள். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் "அவள்" என்றுதான் வருகிறது, தெருக்கோடித் தோழியைச் சொல்கிற மாதிரி. மன்னிக்க வேண்டும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலை முழுக்க மலைகள். அங்கே க்ளிஞ்ச் மலை என்று நீளமாக ஒரு மலை. அதற்கு ஒரு பக்கம் ஏழைப் பள்ளத்தாக்கு, இன்னொரு பக்கம் பணக்காரப் பள்ளத்தாக்கு. நான் வைத்த பெயர் இல்லை, ஊர்க்காரர்கள் வைத்ததே அப்படித்தான். மண்ணின் வளத்தைப் பார்த்து வைத்தார்களாம். ஸாரா பணக்காரப் பள்ளத்தாக்கில் வளர்ந்தாள், ஆனால் பணக்காரி இல்லை. சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட, உறவுக்காரர்கள் எடுத்து வளர்த்தார்கள்.

அவள் வாசித்தது ஆட்டோஹார்ப் என்கிற வாத்தியம். ஒரு தட்டைப் பெட்டி மேல் வரிசையாக நிறையக் கம்பிகள். குறுக்கே கட்டைகள் இருக்கும். ஒரு கட்டையை அழுத்தினால் வேண்டாத கம்பிகள் வாயை மூடிக்கொள்ளும், வேண்டியவை மட்டும் பேசும். கற்றுக்கொள்ள வித்வான் தேவையில்லை. மலை வீடுகளில் பெண்கள் அடுப்பு வேலை முடிந்து வாசலில் உட்கார்ந்து வாசிக்கிற சாமான்.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழமரக் கன்றுகள் விற்க ஒரு வாலிபர் வந்தார். ஆல்வின் ப்ளெஸன்ட் கார்ட்டர், சுருக்கமாக ஏ.பி. ஒரு வீட்டை நெருங்கும்போது உள்ளே ஒரு பெண் பாடுவது கேட்டதாம். ரயில் விபத்தில் செத்துப்போன ஒரு டிரைவரைப் பற்றிய பாட்டு. பாடி முடிக்கும்வரை நின்று கேட்டார், அப்புறம் கன்று விற்றாரோ இல்லையோ, மனசை அங்கேயே விட்டுவிட்டுப் போனார் என்று அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள். 1915 ஜூனில் கல்யாணம். ஸாராவுக்குப் பதினாறு முடிந்து பதினேழு நடந்தது.

இந்த ஏ.பி.க்குச் சின்ன வயசிலிருந்தே கை நடுக்கம், குரலிலும் ஒரு நடுக்கம். அவர் வயிற்றில் இருக்கும்போது அவருடைய அம்மா ஆப்பிள் மரத்தடியில் நின்றிருந்தாராம், பக்கத்தில் இடி விழுந்ததாம், அதனால்தான் என்று அந்தம்மாள் கடைசிவரை நம்பினார். பார்த்தீர்களா, கிரகணத்தன்று கர்ப்பிணி கத்தியைத் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை! உலகத்தில் எந்த மூலையிலும் பிள்ளைக்கு ஏதாவது என்றால் பெற்றவள் முதலில் தன்னிடம்தான் காரணம் தேடுகிறாள். கிரகணத்துக்கும் உதட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இளம் தாய்மார்கள் இதைப் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, கதைக்கு வருகிறேன்.

ஸாராவுக்கு மேபெல் என்று ஓர் ஒன்றுவிட்ட தங்கை. அந்த மேபெல் 1926-ல் ஏ.பி.யின் தம்பி எஸ்ராவையே கட்டிக்கொண்டாள். ஆக அக்கா தங்கை இரண்டு பேரும் ஓரகத்திகளும் ஆனார்கள். மேபெல் கிடாரில் கெட்டிக்காரி. இந்த மூன்று பேரும்தான் பின்னால் 'கார்ட்டர் குடும்பம்' என்று அமெரிக்கா முழுக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் பாடியது அந்த மலைக்காட்டு மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த பாட்டு. அதைத்தான் பிற்பாடு கன்ட்ரி மியூசிக் என்றார்கள்.

1927 ஜூலை கடைசி. நியூயார்க்கிலிருந்து ரால்ப் பீர் என்பவர், விக்டர் கம்பெனிக்காக, பிரிஸ்டல் என்ற ஊருக்கு ரெக்கார்டிங் சாமான்களோடு வந்து இறங்கினார். பிரிஸ்டல் வேடிக்கையான ஊர். அதன் கடைத்தெரு நடுவேதான் எல்லைக்கோடு. வடக்குப் பக்கம் வர்ஜீனியா, தெற்குப் பக்கம் டென்னஸீ. தெற்குப் பக்கத்தில் ஒரு தொப்பிக் கம்பெனியின் கட்டடம் இருந்தது. அதன் மாடியில் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு ஸ்டூடியோ ஆக்கினார். ஸ்டோன்மன் என்ற பாடகருக்கு முந்தைய வருஷம் கம்பெனியிலிருந்து 3,600 டாலர் கிடைத்தது என்று உள்ளூர்ப் பேப்பரில் ஒரு செய்தி வந்ததோ இல்லையோ, மலையிலிருந்து ஜனங்கள் வயலினும் பாஞ்சோவும் கையுமாக இறங்கிவிட்டார்கள்!

ஏ.பி.யும் புறப்பட்டார். ஸாராவுக்கு அப்போது மூன்று குழந்தைகள். பெரியவள் கிளாடிஸுக்கு வயசு ஏழெட்டு, நடுவிலுள்ளவள் ஜானெட், கடைசிப் பையன் ஜோ அந்த பிப்ரவரியில்தான் பிறந்தவன், தாய்ப்பால் குடிக்கிற குழந்தை. மேபெலுக்கு வயசு பதினெட்டு, நிறை கர்ப்பிணி. செப்டம்பரில் பிரசவம்! நம் வீடுகளாக இருந்தால் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டில் உட்கார வைத்திருப்போம். எஸ்ராவும் அப்படித்தான், "இந்த நிலைமையில் இவளை எங்கேயும் அனுப்ப மாட்டேன்" என்றாராம். ஏ.பி. விடவில்லை. "உன் சோளக்கொல்லைக்கு நான் களை எடுத்துத் தருகிறேன்" என்று பேரம் பேசித் தம்பி பெண்டாட்டியையும் தம்பியின் காரையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஆம்பிளைகள் பேரத்தைப் பாருங்கள். அந்த இரண்டு பெண்களை யாராவது கேட்டார்களோ என்னவோ.

இருபத்தைந்து மைல் சொச்சம்தான் தூரம். ஆனால் ரோடு என்று பெயருக்கு இருந்த கரடுமுரடான மண் பாதை, கோடை வெயில், நடுவில் டயர் வேறு காலை வாரியது. ஒரு மடியில் பால்குடிப் பிள்ளை, ஒரு வயிற்றில் எட்டு மாதம் தாண்டிய பிள்ளை, பின்னால் தம்பியைப் பார்த்துக்கொள்ள என்று கூட்டிவந்த சின்னப் பெண். இதற்கு மேல் வாத்தியங்கள்! அந்தக் காரை நினைத்தாலே எனக்கு முதுகு வலிக்கிறது.

ஆகஸ்ட் 1-ம் தேதி நான்கு பாட்டு, மறுநாள் இரண்டு பாட்டு, மொத்தம் ஆறு. அப்போது ரெக்கார்டு எடுப்பது இப்போது மாதிரி இல்லை. கனமான மெழுகுத் தட்டு சுற்றும், பாடப்பாட ஊசி அதில் கோடு கீறிக்கொண்டே போகும். மூன்று நிமிஷம், அவ்வளவுதான். நடுவில் தும்மினால் தும்மலும் பதிவாகும், குழந்தை வீரிட்டால் தட்டு வீணாகும். மாடியில் அம்மா பாட, வெளியே கிளாடிஸ் தம்பியை வைத்துக்கொண்டு சமாளித்தாள். இடையில் ஸாரா போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்து மறுபடி மைக் முன்னால் நின்றாள். குழந்தை அழும் சத்தம் காதில் விழுந்தால் மார்பு கட்டிக்கொள்ளும், ரவிக்கை நனையும். பெற்றவர்களுக்குத் தெரியும். அந்த நிலைமையில் சுருதி பிசகாமல் நின்றிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கேட்டால் அந்தக் குரல் வேறு மாதிரி கேட்கிறது.

ஸாராவின் குரலைக் கேட்டதுமே பீர் முடிவு செய்துவிட்டாராம், இது போகும் என்று. அந்தக் காலத்தில் மலைப்பாட்டு ரெக்கார்டு என்றால் பெரும்பாலும் ஆண்கள்தான். பெண்கள் ஓரமாக உட்கார்ந்து ஒத்துப் பாடுவார்கள், வாத்தியம் வாசிப்பார்கள். இங்கே தலைகீழ். பாடுவது ஸாரா, வாசிப்பது மேபெல். ஏ.பி. தோன்றினபோது நடுவில் நுழைந்து இரண்டு வரி பாடுவார், தோன்றாவிட்டால் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பார்!

மறுநாள் பதிவில் அவர் பாடவே இல்லை. இரண்டு பெண்கள் மட்டும்தான். அன்றைக்கு பீர் கேட்டுப் பாட வைத்த பாட்டுதான் நான் கொத்தவரங்காய் நறுக்கும்போது கேட்டது. 'சிங்கிள் கேர்ள், மேரீட் கேர்ள்' என்று பெயர். கல்யாணமாகாதவள் நல்ல துணி உடுத்துகிறாள், நினைத்த இடத்துக்குப் போகிறாள், கல்யாணமானவள் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு தொட்டில் ஆட்டுகிறாள். இவ்வளவுதான் விஷயம். அழுகை இல்லை, ஒப்பாரி இல்லை, கடைசியில் புத்திமதியும் இல்லை. ஸாராவுக்கு இந்தப் பாட்டு பிடிக்கவே பிடிக்காதாம். எப்படிப் பிடிக்கும்? கீழே தொட்டில் பிள்ளை அழுகிறது, மேலே அதைப் பற்றியே பாடச் சொல்கிறார்கள்! வேண்டாவெறுப்பாகப் பாடிவிட்டு வந்தாள். அதுதான் நன்றாக விற்றது. அவளுக்கே ஆச்சரியம்.

பாட்டுக்கு ஐம்பது டாலர். ஆறு பாட்டுக்கு முந்நூறு. தவிர விற்பனையில் ஒரு சின்னப் பங்கு. வீட்டுக்குத் திரும்பினார்கள், களை எடுக்க வேண்டியவர் களை எடுக்கப் போனார். அடுத்த மாதம் மேபெலுக்குப் பெண் பிறந்தது, ஹெலன் என்று பெயர் வைத்தார்கள். பன்னிரண்டு நாளில் அந்தத் தொப்பிக் கம்பெனி மாடியில் பத்தொன்பது கோஷ்டிகள், 76 பாட்டுகள் பதிவாயின. ஜிம்மி ராட்ஜர்ஸ் என்கிற இன்னொரு பெரிய பாடகருக்கும் அதுதான் ஆரம்பம். அந்தப் பதிவுகளை 2002-ல் அமெரிக்க நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் முதல் பட்டியலிலேயே சேர்த்தது.

என் கதை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் நன்றாகப் பாடுவேன், பரிசு கோப்பை ஒன்று இன்னும் ஷெல்ஃபில் இருக்கிறது, அதில்தான் இப்போது ஊக்கும் ரப்பர் பேண்டும் போட்டு வைத்திருக்கிறேன். என் நாத்தனார் கல்யாணத்தில் நலங்குக்குப் பாடச் சொன்னார்கள். ஆசையாக உட்கார்ந்தேன். பல்லவி முடிவதற்குள் உள்ளறையில் என் மகள் அழுதாள், அப்போது அவளுக்கு நான்கு மாதம். எழுந்து போய்ப் பால் கொடுத்துத் தூங்கப்பண்ணிவிட்டு வந்து பார்த்தால் நலங்கே முடிந்து எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். யார்மேலும் தப்பில்லை. யாரும் மறுபடி கேட்கவில்லை, நானும் அப்புறம் பாடவில்லை, தாலாட்டைத் தவிர. அந்த மகள்தான் இந்தப் பாட்டை எனக்குப் போட்டுக் காட்டினாள் என்பதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

1928 மே மாதம் நியூஜெர்ஸியில் கேம்டன் என்ற ஊருக்கு வரவழைத்து இன்னும் பன்னிரண்டு பாட்டுகள் எடுத்தார்கள். அதில் இரண்டு இன்றைக்கும் அமெரிக்காவில் தெரியாதவர் குறைவு. ஒன்று 'கீப் ஆன் தி ஸன்னி ஸைட்'. 1899-ல் ஏடா பிளென்கார்ன் என்ற பெண்மணி எழுதியது. அவருடைய உறவுக்காரப் பையனுக்கு நடக்க முடியாது, சக்கர நாற்காலி. தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் தெருவில் வெயில் அடிக்கிற பக்கமாகவே கூட்டிப் போ என்று கேட்பானாம். அதிலிருந்து வந்த பாட்டு என்று சொல்கிறார்கள். நமக்கு வெயில் என்றால் ஒதுங்கத் தோன்றும், குளிர் தேசத்துப் பிள்ளைக்கு வெயில்தான் சந்தோஷம்.

இன்னொன்று 'வைல்ட்வுட் ஃப்ளவர்'. அதில் மேபெலின் கிடாரைக் கேளுங்கள். வழக்கமாக ஒருவர் ராகம் வாசித்தால் இன்னொருவர் பக்கத்தில் தாளத்துக்குத் தட்டுவார். மேபெல் கட்டை விரலால் கீழ்ஸ்தாயிக் கம்பிகளில் பாட்டையே வாசித்துக்கொண்டு, மற்ற விரலால் மேல்கம்பிகளை உரசித் தாளமும் போடுகிறாள். ஆட்டுக்கல்லில் ஒரு கை குழவியைச் சுற்றும், ஒரு கை மாவைத் தள்ளிவிடும், ஞாபகமிருக்கிறதா? அந்த இரண்டையும் ஒரே கையால் செய்தால் எப்படியோ அப்படி. இதற்கு 'கார்ட்டர் உரசல்' என்றே பெயர் வந்துவிட்டது. கிடார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இன்றைக்கும் அதைப் பழகுகிறார்கள். ரெக்கார்டுப் பணம் வந்ததும் 275 டாலருக்கு கிப்ஸன் கிடார் ஒன்று வாங்கினாள். ஆறு பாட்டுக்கு வந்ததில் கிட்டத்தட்ட முழுசும்! அதை மட்டும் நான் ரொம்ப ரசித்தேன். நமக்குக் கையில் பணம் வந்தால் கிரைண்டரோ ஃபிரிட்ஜோதான் வாங்கத் தோன்றும்.

ஏ.பி.க்கோ பாட்டுப் பைத்தியம் தலைக்கு ஏறிவிட்டது. புதுப் பாட்டு தேடி மலை மலையாகக் கிளம்பிவிடுவார். யார் வீட்டுக் கிழவிக்குப் பழைய பாட்டு தெரியும் என்று கேட்டுக் கேட்டுப் போவார். துணைக்கு லெஸ்லி ரிடில் என்ற கறுப்பர் இனத்து கிடார்க்காரர். சிமெண்ட் ஆலை விபத்தில் காலை இழந்தவர். ஏ.பி. வார்த்தைகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனசில் பதித்துக்கொள்வார். இரண்டு இனத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம் அது. மேபெலும் அவரிடம் கிடார் நுணுக்கம் கற்றிருக்கிறாள், பின்னால் அதை ஒளிக்காமல் சொன்னாள். ஆனால் இசைத்தட்டில் பாட்டுக்கு உரியவர் என்று போட்டதெல்லாம் ஏ.பி. கார்ட்டர் பெயர்தான். ரிடில் பெயரும் இல்லை, பாட்டைச் சொல்லிக்கொடுத்த கிழவிகள் பெயரும் இல்லை. இந்த இடத்தில் எனக்கு ஏ.பி.மேல் கோபம்தான் வந்தது.

வீட்டில்? விறகு பிளப்பதிலிருந்து வயல் வேலை, மூன்று பிள்ளைகள், எல்லாம் ஸாரா தலையில். ஊர் ஊராக ரெக்கார்டு விற்கிறது, பாடினவள் கோடாலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போகிறாள். புருஷன் எப்போது வருவார், எத்தனை நாள் இருப்பார், சொல்ல முடியாது. வந்தாலும் மனசு பாட்டில். அவர் குடிகாரர் இல்லை, கெட்டவர் இல்லை. வீட்டில் இருக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். அவர் இல்லாதபோது ஸாராவுக்கு வெளிவேலைக்குக் கார் ஓட்ட என்று தன் உறவுக்காரரான காய் பேஸ் என்பவரை அவரே ஏற்பாடு செய்தார். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். விஷயம் வெளியே வந்ததும் பேஸ் குடும்பம் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டுப் போய்விட்டது. ஸாராவும் 1933-ல் வீட்டை விட்டு மலைக்கு அந்தப் பக்கம், தான் வளர்ந்த வீட்டுக்கே போய்விட்டாள். பிள்ளைகள் அப்பாவிடம்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை. ஜோவுக்கு அப்போது ஆறு வயசு. அன்றைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து பாடினாளே, அதே பிள்ளை. என் மகளிடம் சொன்னேன், "எப்படிடி மனசு வந்தது அவளுக்கு?"

"அப்பா வாரக்கணக்கில வீட்டை விட்டுப் போனாரே, அதை நீ கேட்கலையேம்மா" என்றாள்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவள் கிளாடிஸ் பதிமூன்று வயசில் மறுபடியும் தம்பியைத் தூக்கிக்கொண்டாள், இந்தத் தடவை ஒரு மத்தியானத்துக்கு இல்லை.

அதைவிட ஆச்சரியம், பாட்டு நிற்கவில்லை. ஸாராவுக்கு இனிமேல் பாடவே வேண்டாம் என்றிருந்தது. பீரும் அவர் மனைவியும் கடிதம் எழுதிக் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். பிரிந்த அந்த வருஷமே புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காதல் பாட்டு, வீட்டுப் பாட்டு எல்லாம் பதிவு செய்தார்கள். 1936-ல் விவாகரத்து. அதற்குப் பிறகும் ரெக்கார்டு! 1927 தொடங்கி 1941 வரை மொத்தம் முந்நூறு பாட்டு அளவுக்கு இருக்கும் என்கிறார்கள். பாதிக்கு மேல் பொருளாதார மந்தக் காலம். சோற்றுக்கே திண்டாட்டம், ரெக்கார்டு வாங்க யாரிடம் காசு? பாடினால்தான் கையில் ஏதாவது வரும்.

1938-ல் டெக்ஸஸில் டெல் ரியோ என்ற எல்லையோர ஊரில் ரேடியோவில் பாடக் கூப்பிட்டார்கள். ஒலிபரப்புக் கோபுரம் எல்லைக்கு அப்பால் மெக்ஸிகோவில். அமெரிக்கச் சட்டம் அங்கே செல்லாது, ஆகையால் அந்த நாட்டு நிலையங்களைவிடப் பல மடங்கு சக்தி. நாடு முழுக்கக் கேட்கும். அந்த நிலையத்தை ஆரம்பித்த ஆசாமி ஆட்டுச் சுரப்பியை மனுஷனுக்கு வைத்து வாலிபம் வரவழைக்கிறேன் என்று ஊரை ஏமாற்றிய ஒரு போலி டாக்டர்! பாட்டுக்கு நடுவே நரைமுடிச் சாயத்துக்கும் டானிக்குக்கும் விளம்பரம். நாற்பது நாளில் முடி வளரும் தைலம் வாங்கி ஏமாந்த நான் சிரிக்கக்கூடாதுதான்.

அங்கேதான் 1939-ல் ஒரு நாள் ஸாரா மைக் முன்னால் நின்று, கலிபோர்னியாவில் இருக்கும் காய் பேஸுக்காக என்று பெயர் சொல்லி ஒரு பாட்டுப் பாடினாள் என்பார்கள். 'நீலக் கண்களை இன்றிரவு நினைக்கிறேன்' என்ற அர்த்தத்தில் தொடங்கும் தலைப்பு, 1929-லேயே அவர்கள் பதிவு செய்த பாட்டு. ஆறு வருஷமாகக் கடிதம் இல்லை. அவர் அங்கே ரேடியோவில் கேட்டார், காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பிப்ரவரியில் பக்கத்து ஊரில் கல்யாணம். அதே நிகழ்ச்சியில் ஏ.பி.யும் பாடிக்கொண்டிருந்தார் என்பதை மறக்காதீர்கள். பாவம், அந்த மனுஷன் மறுகல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

அந்த மெட்டுக்கு ஒரு பின்கதை உண்டு. 1952-ல் கிட்டி வெல்ஸ் என்ற மூன்று குழந்தைகளின் தாய், வீட்டைக் கெடுப்பதில் ஆண்களுக்கும் பங்குண்டு என்று பாடி, கன்ட்ரி பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்த முதல் தனிப் பாடகியானாள். மெட்டு இதேதான்!

1941-ல் 'லைஃப்' பத்திரிகைக்காரர்கள் வந்து குடும்பத்தைப் படம் எடுத்துப் போனார்கள். டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது, பத்திரிகையெல்லாம் யுத்தம். படம் வரவேயில்லை. 1943-ல் கோஷ்டி கலைந்தது. ஸாரா கலிபோர்னியா போய் வெறும் இல்லத்தரசியாக இருந்தாள். யாராவது வந்து கேட்டாலொழியப் பாட்டுப் பேச்சை எடுக்க மாட்டாளாம். ஏ.பி. சொந்த ஊரில் மளிகைக் கடை வைத்தார்.

மேபெல் விடவில்லை. அன்றைக்கு வயிற்றில் வந்த ஹெலன், அப்புறம் ஜூன், அனிதா, மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடி, 1950-ல் நாஷ்வில்லின் புகழ்பெற்ற மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரிக்கு வந்தாள். இந்த ஜூனைத்தான் 1968-ல் ஜானி கேஷ் கல்யாணம் செய்துகொண்டார். இன்னொன்று என்னை ரொம்பத் தொட்டது. 1950-களின் கடைசியில் பாட்டில் வருமானம் போதாமல் போனது. மேபெல் இரவு நேரத்தில் வயோதிக நோயாளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலைக்குப் போனாள். படுக்கை மாற்றி, மருந்து கொடுத்து, விடியும்வரை விழித்திருந்தாள். அந்த நோயாளிகளில் எத்தனை பேருக்குத் தெரியும், தலையணையைச் சரிசெய்த அந்தக் கைதான் வைல்ட்வுட் ஃப்ளவர் வாசித்த கை என்று!

1960-ல் ஏ.பி. போனார். அதற்கு முன்னால் 1950-களில், ஸாரா ஊருக்கு வந்தபோது, ஜானெட்டையும் ஜோவையும் சேர்த்துக்கொண்டு அவரும் அவளும் மறுபடி சில பாட்டுகள் பதிவு செய்தார்கள். பிரிஸ்டலில் வெளியே அழுத பிள்ளை இப்போது மைக்குக்கு உள்பக்கம் நின்று அம்மாவோடு பாடினான். அந்தப் பதிவு பெரிதாக விற்கவில்லை. நான் கேட்டேன். நால்வருக்கும் சுருதி முன்னே பின்னே போகிறது, ஏ.பி.யின் குரல் ரொம்ப நடுங்குகிறது. ஆனாலும் மூன்று தடவை கேட்டேன்.

1967-ல் நியூபோர்ட் விழாவில் ஸாராவும் மேபெலும் ஒன்றாக மேடையேறினார்கள். இரண்டு பாட்டிமார், எதிரே நீளமுடி வைத்த இளசுகள் கூட்டம். மேபெல் 1978 அக்டோபரில் காலமானாள், ஸாரா மூன்றே மாதத்தில், 1979 ஜனவரி 8-ல். கலிபோர்னியாவிலிருந்து ஸாராவை ஏழைப் பள்ளத்தாக்குக்கே கொண்டுவந்து, ஏ.பி. இருக்கும் அதே சர்ச் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். ஜானெட் 1974-ல் அப்பாவின் பழைய கடையிலேயே சனிக்கிழமை தோறும் பாட்டுக் கச்சேரி ஆரம்பித்தாள். 2006-ல் சாகும்வரை அதை நடத்தினாள். அம்மா விட்டுப்போனபோது ஒன்பது வயசுப் பெண்.

எல்லாம் சொல்லி முடித்தபோது என் மகள் கேட்டாள், "அம்மா, நீ நலங்குக்குப் பாட ஆரம்பிச்சியே, அது என்ன பாட்டு?"

பல்லவி ஞாபகம் இருந்தது. சரணம்தான் நடுவில் ஒரு வரி வரவில்லை. அக்காவுக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறேன், அவளும் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.